68000 ப்ராசசர் 16 பிட்டா, 32 பிட்டா? கட்டமைப்பு எங்கே முடிந்து செயலாக்கம் எங்கே தொடங்குகிறது?

பழைய_ரெஜிஸ்டர் (கேள்வி)

மோட்டோரோலா 1979-இல் வெளியிட்ட 68000 ப்ராசசரை முன்வைத்து எனக்கும் நண்பர் ஒருவருக்கும் இரண்டு நாள்களாக வாதம் நடக்கிறது. அதன் ரெஜிஸ்டர்கள் (கணக்குக்கான எண்களைத் தற்காலிகமாக வைக்கும் உள் சேமிப்பிடங்கள்) 32 பிட் அகலம் கொண்டவை, கட்டளைகளும் 32 பிட் எண்களை ஏற்கின்றன, எனவே அது 32 பிட் ப்ராசசர் என்கிறேன் நான். வெளியே செல்லும் தரவுப் பாதையும் உள்ளே கணக்குப் போடும் ஏஎல்யூவும் 16 பிட் அகலமே கொண்டவை, எனவே அது 16 பிட்தான் என்கிறார் அவர். நடுவில் புகுந்த ஒருவர், “நீங்கள் பேசுவது கட்டமைப்பு, அவர் பேசுவது செயலாக்கம்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சிப்பின் உள்ளே இருப்பதுதானே அதன் கட்டமைப்பு? அந்த வரி எனக்கு விளங்கவில்லை.

மைக்ரோகோட்_வாசி

உங்கள் குழப்பத்தில் பாதி தமிழ்ச் சொல்லிலிருந்து வருகிறது. ‘கட்டமைப்பு’ என்றதும் நமக்குத் தூணும் உத்தரமும் நினைவுக்கு வருவதால், சிப்பைப் பிளந்து பார்த்தால் தெரிவதே அது என்று எண்ணிவிடுகிறோம். இத்துறையில் அச்சொல்லின் பொருள் ஏறக்குறைய நேரெதிரானது: நிரலர் வெளியிலிருந்து எதை நம்பி நிரல் எழுதலாமோ அது மட்டுமே கட்டமைப்பு. எத்தனை ரெஜிஸ்டர்கள், எந்தக் கட்டளை என்ன விளைவைத் தரும், பிழை நேர்ந்தால் எந்த நிலையில் நிற்கும் என்பவையெல்லாம் அதில் அடங்கும். அந்த வாக்கை மின்சுற்றுகள் எவ்வழியில் காப்பாற்றுகின்றன என்பது செயலாக்கம்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாக வரையறுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 குடும்பம். அதை வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் ஆகிய மூவரும் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற சொல்லை இந்தப் பொருளில்தான் ஆண்டார்கள். அக்குடும்பத்தின் சிறிய இயந்திரமான மாடல் 30-இன் உள்பாதை 8 பிட் அகலமே கொண்டது. 32 பிட் எண்கள் இரண்டைக் கூட்ட அது பைட் பைட்டாக நான்கு முறை உழைத்தது. அதன் பொதுப் பயன் ரெஜிஸ்டர்கள்கூடத் தனிச் சுற்றுகளாக இல்லாமல் காந்த வளைய நினைவகத்தில்தான் இருந்தன. பின்னர் வந்த மாடல் 75 மைக்ரோகோட் (ஒவ்வொரு கட்டளையையும் சிறு படிகளாக நடத்தும் உள்நிரல்) இல்லாமல் நேரடி மின்சுற்றுகளாலேயே கட்டளைகளை நிறைவேற்றியது. ஆனால் இரண்டிலும் நிரலர் கண்டது 32 பிட் அகலமுள்ள அதே 16 பொது ரெஜிஸ்டர்களைத்தான். மாடல் 30-ஐ 8 பிட் கணினி என்று அழைக்கும் துணிவு உங்கள் நண்பருக்கு இருந்தால், 68000-ஐ 16 பிட் என்று அழைக்கட்டும்.

கடிகாரத்துடிப்பு

மாடல் 20 அந்தக் கட்டளைத் தொகுதியை முழுமையாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்; ‘குடும்பம் முழுவதும்’ என்று யாராவது எழுதிவிட்டால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும்.

கேள்விக்கு வருகிறேன். 68000-இல் இரண்டு தரவு ரெஜிஸ்டர்களின் 16 பிட் மதிப்புகளைக் கூட்ட 4 கடிகாரத் துடிப்புகளும், 32 பிட் மதிப்புகளைக் கூட்ட 8 துடிப்புகளும் ஆகின்றன. உங்கள் நண்பர் காண்பது இந்த இரட்டிப்பைத்தான், அது உண்மையும்கூட. ஆனால் நிரலுக்குக் கிடைக்கும் விடை 32 பிட்டாகவே இருக்கிறது. 1984-இல் வந்த 68020-இல் ஏஎல்யூவும் பாதைகளும் 32 பிட்டாக விரிந்தபோது, அதே கூட்டல் கட்டளை ஒரு பிட்கூட மாறாமல் விரைவாக ஓடியது. விடையை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றும் எதையும் நான் செயலாக்கத்தின் கணக்கில் எழுதுவேன்.

மேல்_பைட்

அளவுகோல் நன்று, ஆனால் எல்லைக்கோடு அவ்வளவு நேராக இல்லை. 68000-இன் முகவரி ரெஜிஸ்டர்கள் (நினைவகத்தில் இடத்தைச் சுட்டுபவை) 32 பிட் அகலம் கொண்டவை என்றாலும், வெளியே சென்றவை கீழ் 24 பிட்கள் மட்டுமே. மேலே இருந்த 8 பிட்களை வன்பொருள் கண்டுகொள்ளவில்லை. தொடக்ககால மெக்கின்டாஷ் நினைவக மேலாளர் அந்தக் காலி இடத்தில் தன் அடையாளக் குறிகளை ஒளித்து வைத்தது. 128 கிலோபைட் நினைவகத்துடன் வந்த கணினியில் ஒரு பைட்டை வீணாக்க யாருக்கு மனம் வரும்? 68020 முழு 32 பிட் முகவரியையும் வெளியே அனுப்பத் தொடங்கியதும் அந்தக் குறிகள் முகவரியின் பகுதியாகிவிட்டன. அவற்றிலிருந்து விடுபடும் வேலை 1991-இன் சிஸ்டம் 7 வரை இழுத்தது. மேல் பைட் புறக்கணிக்கப்பட்டது அந்த ஒரு சிப்பின் குணம் மட்டுமே, ஆனாலும் மென்பொருள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது.

பழைய_ரெஜிஸ்டர்

இப்போது விளங்குகிறது. அப்படியானால் “ரிஸ்க்-ஃபைவ் மெதுவானது” என்று அடிக்கடி காணும் வாக்கியத்தையும் இதே தராசில் நிறுக்கலாமா?

மைக்ரோகோட்_வாசி

நிறுக்கலாம். ரிஸ்க்-ஃபைவ் என்பது ஒரு கட்டளைத் தொகுதியின் விவரக்குறிப்பு, அதாவது வெறும் கட்டமைப்பு. ஆவணத்துக்கு வேகம் கிடையாது, எந்த சிப் என்று கேளுங்கள். கட்டளைகளின் வடிவம் செயலாக்கத்தை எளிதாக்கலாம் அல்லது கடினமாக்கலாம் என்பது தனி விவாதம், அதற்கு அளவீடு வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோதும் “எக்ஸ்86 உடைந்துவிட்டது” என்று பலர் எழுதினார்கள். அது இன்டெல்லின் பல ப்ராசசர்களைத் தாக்கியது, அதே எக்ஸ்86-64 கட்டளைகளை ஓட்டும் ஏஎம்டி ப்ராசசர்களைத் தாக்கவில்லை. ஆர்ம் என்ற வேறொரு கட்டமைப்பைச் சேர்ந்த ப்ராசசர்களிலோ கார்டெக்ஸ்-ஏ75 சிக்கியது. உங்கள் நண்பரிடம் 16 பிட் செயலாக்கம் கொண்ட 32 பிட் கட்டமைப்பு என்று எழுதிப் பாருங்கள்; 24 முகவரிக் கம்பிகள் என்று அவர் தொடங்கினால், வெளியே இருந்தவை 23 என்று சொல்லிவிடுங்கள், மீதமுள்ள ஒரு பிட்டின் வேலையை மேல் பைட், கீழ் பைட் எது என்று காட்டும் இரண்டு தனிச் சமிக்ஞைகள் பார்த்துக்கொண்டன.