அலுவலகக் காப்பகம்: வேண்டுமா, வேண்டாமா?

நிலாமுற்றம்: எங்கள் அலுவலகத்தில் குழந்தைகள் காப்பகம் திறக்கப் போகிறார்கள். கருத்துக் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. என் மகனுக்கு ஏழு மாதம். 'வேண்டும்' என்றுதான் எழுதப் போகிறேன். கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சி, வெளியே வைத்தால் 4 மணி நேரம்தான் தாங்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குறுக்குக்கேள்வி: நான் 'வேண்டாம்' என்பேன். என் மகள் என் அலுவலகக் காப்பகத்தில்தான் வளர்ந்தாள். வேலையை விட்ட அன்றே காப்பகமும் போயிற்று. பழகிய ஆயாவைத் தேடி இரண்டு வாரம் அழுதாள். அதற்குப் பயந்தே சம்பள உயர்வு இல்லாமல் ஓராண்டு ஓட்டியிருந்தேன். மேலாளருக்கும் அது தெரியும். வீட்டருகே காப்பகம் இருக்கட்டும், நிறுவனம் பணத்தைக் கொடுக்கட்டும்.

நிலாமுற்றம்: குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால்? நான் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பேனே.

எண்கணக்கு: சிலி நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 20 பெண்கள் வேலை பார்த்தால் காப்பகச் செலவு முதலாளியுடையது. அந்த வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பெண்களின் தொடக்கச் சம்பளம் 9 முதல் 20 சதவீதம் வரை குறைந்ததாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. இலவசம் என்கிறீர்கள், பெண்கள்தான் கட்டுகிறார்கள்.

நிலாமுற்றம்: அது காப்பகத்தின் குற்றமா, பெண்களை மட்டும் எண்ணியவர்களின் குற்றமா? இந்தியாவின் 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், 50 பணியாளர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. அதில் ஆண்களும் அடக்கம்.

குறுக்குக்கேள்வி: எண்ணுவது எல்லோரையும்தான். ஆனால் நாளுக்கு 4 முறை போய்ப் பார்க்கும் உரிமையை அதே சட்டம் தாய்க்கு மட்டும்தானே தருகிறது? என் கணவரின் அலுவலகத்திலும் காப்பகம் இருந்தது. ஒரு நாளாவது அழைத்துப் போனாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எண்கணக்கு: அந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். சம்பளக் கணக்கில் இல்லை.

இரவுப்பணி: நீங்கள் எல்லோரும் பகல் வேலைக்காரர்கள் போலிருக்கிறது. நான் செவிலியர். எங்கள் காப்பகத்தை மாலை 6 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மருத்துவமனையை யாரும் பூட்டுவதில்லை. இரவு முறை வரும்போதெல்லாம் குழந்தையை யாரிடம் விடுவது என்று நான் கெஞ்சாத உறவு இல்லை. நிலாமுற்றம், உங்கள் படிவத்தில் நேரம் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறார்களா?

நிலாமுற்றம்: மறுபடி பார்த்தேன். இல்லை. சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.