அயனிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பெரிய குவாண்டம் கணினி வந்துவிடாதா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன், எஸ்டிபிஎம் இயற்பியல் படிக்கிறேன். மின்புலப் பொறியில் பிடித்த ஒவ்வொரு அயனியும் ஒரு கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு), லேசரால் இயக்குகிறார்கள் என்பது வரை புரிகிறது. அப்படியே வரிசையாக நூறு, ஆயிரம் என்று அடுக்கினால் போதாதா அண்ணே?

பதில் 1: போதாது தம்பி. இயற்பியலாளர்கள் சிராக்கும் சோலரும் 1995இல் சொன்ன வழியில், அயனிகள் சேர்ந்து அதிர்வதுதான் கியூபிட்டுகளுக்கு இடையே பாலம். வரிசை நீண்டால் அதிர்வு வகைகள் பெருகி, அதிர்வெண்கள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். வேண்டியதை மட்டும் லேசரால் தொடுவது கஷ்டம்.

பதில் 2: அதனால்தான் 2002இல் கீல்பின்ஸ்கி, மன்ரோ, வைன்லேண்ட் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் பொறியையே அறை அறையாகப் பிரிக்கச் சொன்னார்கள். செம்பனைக் குலையை வெட்டிய இடத்திலேயே எண்ணெய் எடுப்பதில்லை, ஆலைக்கு ஏற்றிப் போகிறோம் அல்லவா, அதேபோல மின்முனைகளின் வோல்டேஜை மாற்றி மாற்றி வேண்டிய அயனிகளை மட்டும் வேலை நடக்கும் அறைக்கு நகர்த்துவார்கள். நகர்த்தும்போது சூடேறும். பக்கத்திலேயே வேறு தனிம அயனியை வைத்து, அதை லேசரால் குளிர்வித்துச் சமாளிப்பார்கள். குவாண்டினுவம் நிறுவனத்தின் எச்2 கணினி இப்படித்தான் 56 கியூபிட்டோடு வேலை செய்தது.

கேட்டவர்: சரி அண்ணே, பொறி இருக்கும் ஒரு சில்லு நிறைந்துவிட்டால்?

பதில் 1: அப்புறம் சில்லுகளை இணைக்க ஒளிதான். 2007இல் ஒரு மீட்டர் தள்ளியிருந்த இரண்டு அயனிகளை ஃபோட்டான் (ஒளித்துகள்) வழியாகக் குவாண்டம் முறையில் பிணைத்துக் காட்டினார்கள், ஆனால் அன்றைக்கு அது பல நிமிடங்களுக்கு ஒரு தடவைதான் வாய்த்தது.