கோ-5 சைலேஜ் வழுவழுக்கிறது, மாடு தொடவே மாட்டேன் என்கிறது

கேள்வி (திருப்பூர் மாவட்டம்):
வணக்கம். ஐப்பசி மழைக்கு என் கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல் மளமளவென்று வளர்ந்துவிட்டது. வீணாகிவிடுமே என்று மழை விட்ட மறுநாளே 45 நாள் புல்லை அறுத்து, சாப் கட்டரில் வெட்டி, சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்துச் சேமிக்கும் பசுந்தீவனம்) போட மூன்று 200 லிட்டர் டிரம்மில் மிதித்து அடைத்தேன். உப்பு மட்டும் போட்டேன். 40 நாள் கழித்து நேற்று ஒன்றைத் திறந்தால் கரும்பச்சையாக, கையில் வழுவழுவென்று இருக்கிறது. அடியில் ஒரு சாண் தண்ணீர். கெட்ட வெண்ணெய் நெடி; சோப்புப் போட்டும் ராத்திரி வரை கையை விட்டுப் போகவில்லை. பசு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. எங்கே தவறினேன்? புரதமும் போய்விட்டதா?

பதில்:
மூடியைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. 45 நாள் கோ-5-இல் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சைலேஜுக்கு 65 முதல் 70 போதும். மக்காச்சோளத்தில் உள்ள அளவு சர்க்கரையும் நேப்பியரில் இல்லை. புளிக்க வைக்கும் லாக்டிக் நுண்ணுயிருக்குத் தீனியே அந்தச் சர்க்கரைதான். அது போதாமல் புளிப்பு மெதுவாக ஏறினால் பியூட்ரிக் அமிலக் கிருமி முந்திக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வெண்ணெய் நெடி அதுதான். புரதத்தையும் அது அம்மோனியாவாக உடைத்துவிடும். அதனால் அந்த டிரம்மை எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள், மனசு கேட்காமல் மாட்டுக்குக் கலந்து போட வேண்டாம்.

அடுத்த முறை வெட்டிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். சாறு சொட்டினால் அடைக்கவே கூடாது. கையைத் திறந்ததும் உருண்டை மெதுவாக விரிந்தால் பதம் சரி. அப்புறம் 100 கிலோவுக்கு 2, 3 கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளியுங்கள். தண்ணீர் குறையட்டும் என்று 70, 80 நாள் விட்டுவிடாதீர்கள். தண்டு முற்றி, நார் ஏறி, புரதம் இறங்கிவிடும். சைலேஜ் இருக்கிற சத்தைக் காக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

இன்னொரு பதில்:
வெயில் இல்லாத நாளில் நான் காய்ந்த சோளத்தட்டை வெட்டிக் கலந்துவிடுவேன். ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. இன்று காலை அறுத்த புல்லைப் பிடித்துப் பார்த்தேன், சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. களத்தில் பரப்பிச் சாயங்காலம் வரை புரட்டிப் போட்டேன். இப்போது உள்ளங்கை ஈரமாகிறது, சொட்டவில்லை. ஆனாலும் உருண்டை விரியாமல் அப்படியே நிற்கிறது. நாளை மதியம் வரை காயவிட்டுத்தான் அடைக்கப் போகிறேன்.