டிலனின் மூன்றாம் தொகுப்பு: இதற்கு ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று பெயர் வைக்கலாமா?

ஊசிமுனை:
அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ (பெரிய வெற்றிப் பாடல்கள்) வரிசையில் 1994இல் வந்த மூன்றாம் தொகுப்பை நேற்று இரண்டு முறை கேட்டேன். 1973 முதல் 1990 வரையிலான காலத்திலிருந்து 14 பாடல்கள். அட்டையைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்க வெற்றிப் பாடல் பட்டியலில் அவர் முதல் இருபதுக்குள் நுழைந்தது ‘நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்’ பாட்டால் மட்டும்தான். அதுவும் 12ஆம் இடம். ‘காட்டா செர்வ் சம்படி’ 24இல் நின்றுவிட்டது. ‘பிரவுன்ஸ்வில் கேர்ள்’ பதினோரு நிமிடம் ஓடுகிறது. அதை எந்த வானொலிக்காரர் முழுதாகப் போட்டிருப்பார்? பாடல்கள் மேல் எனக்குக் குறையில்லை. விற்பனைக்காக ஒட்டிய பெயர் மேல்தான் கோபம்.

தாமரைக்குளம்:
பலகையைப் படித்துவிட்டுக் கடைக்குள் போகாமல் திரும்புகிறீர்களே நண்பரே! 1971இல் வந்த இரண்டாம் தொகுப்பிலேயே அதுவரை வெளிவராத பாடல்களைச் சேர்த்தவர் அவர். ‘ஹிட்’ என்ற சொல்லுக்கு இவர் வீட்டு அகராதியில் வேறு பொருள்.

எண்பதுகளின் இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவள் நான். 1986இன் ‘நாக்ட் அவுட் லோடட்’ தட்டில் ‘பிரவுன்ஸ்வில் கேர்ள்’ பாட்டைத் தவிர இரண்டாம் முறை கேட்கத் தோன்றியது எதுவும் இல்லை. நாடகாசிரியர் சாம் ஷெப்பர்டோடு சேர்ந்து எழுதிய பாட்டு அது. கிரிகரி பெக் நடித்த பழைய படமொன்றைப் பற்றிய நினைவில் தொடங்கி, ஒரு பெண், ஒரு கார், டெக்சாஸ் சாலைகள் என்று எங்கெங்கோ சுற்றித் திரும்பும். அதை அந்தக் குப்பையிலிருந்து பொறுக்கித் துடைத்து வைத்ததற்கே இந்தத் தொகுப்புக்கு நன்றி சொல்வேன்.

சங்கு:
‘சில்வியோ’ பாட்டுக்கு இடம் இருக்கிறது. ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் சாண்ட்’ பாட்டுக்கு இல்லை. வழக்கு முடிந்தது.

இரவுக்காவலன்:
சங்கு ஊதியது சரி. நான் இன்னொன்றைக் கேட்கிறேன். ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’ பாட்டு எங்கே? 1983இல் ‘இன்ஃபிடல்ஸ்’ தட்டுக்காகப் பதிவாகி, விடுபட்டு, வெளிவராத பதிவுகளைத் திரட்டிய 1991இன் ‘பூட்லெக்’ தொகுப்பில்தான் வெளிவந்தது. தட்டில் இடம்பெறாத பாட்டை எப்படிச் சேர்ப்பது என்று யாரும் வர வேண்டாம். அதே 1991 தொகுப்பிலிருந்து ‘சீரிஸ் ஆஃப் ட்ரீம்ஸ்’ இங்கே வந்திருக்கிறதே! கதவு திறந்துதான் இருந்தது. ஆளை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

தாமரைக்குளம்:
‘மெக்டெல்’ விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சில்வியோ’வை அடிப்பது பழக்கமாகிவிட்டது. பாடலாசிரியர் ராபர்ட் ஹண்டர் எழுதிய துள்ளலான வரிகள். தொண்ணூறுகளில் மேடைக்கு மேடை அதைப் பாடினார். தன் பாட்டு எது என்று பாடியவருக்குத் தெரியாதா?

சங்கு:
தெரியாது அம்மா. ‘மெக்டெல்’ பாட்டையே தூக்கி வெளியே வைத்தவர்.

ஊசிமுனை:
😀 இதற்கு மேல் அவர் கட்சியில் நிற்க முடியாது.

எனக்கு இன்னொரு மனக்குறை உண்டு. வரிசை. 1975இல் தொடங்கி 1978, 1981 என்று போய், சட்டென்று ‘ஹரிக்கேன்’ பாட்டுக்குப் பின்வாங்கி, கடைசியில் 1973இல் முடிகிறது. டிலனின் குரல் பத்தாண்டுக்கு ஒருமுறை வேறு மனிதருடைய குரலாக மாறும். கேட்பவருக்கு அது புரிய வேண்டாமா? சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி இருக்கிறது.

இரவுக்காவலன்:
‘டிக்னிட்டி’ பாட்டையும் சொல்லுங்கள். 1989இல் பதிவானதை எடுத்து, இசைத் தயாரிப்பாளர் பிரெண்டன் ஓ’பிரையன் புது வாத்தியங்களைச் சேர்த்து மெருகேற்றியிருக்கிறார். அப்போது இதுதான் தொகுப்பின் ஒரே புதுச்சரக்கு. 2008இல் பியானோவோடு மட்டும் பாடிய பழைய பதிவு வெளிவந்தது. அதைக் கேட்ட பிறகு இந்த மெருகு, பழைய மரக்கதவுக்குப் பளபளப்பு வார்னிஷ் அடித்த கதை.

தாமரைக்குளம்:
1994இல் அந்தப் பியானோப் பதிவு எங்கள் கைக்கு எட்டவில்லையே! எங்களுக்குக் கிடைத்த ‘டிக்னிட்டி’ இதுதான். அந்த நேரத்து நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். 1990க்குப் பிறகு அவரிடமிருந்து புதுப்பாட்டுத் தட்டு எதுவும் இல்லை. 1992இலும் 93இலும் வந்தவை ஒற்றைக் கிட்டாரோடு பாடிய பழைய நாட்டார் பாடல்கள். ஊற்று வற்றிவிட்டது என்று எழுதினார்கள். அந்த வேளையில் அவர் பாடிய புதுப்பாட்டு என்று இது காதில் விழுந்தது. இன்று உட்கார்ந்து வார்னிஷைச் சுரண்டுவது எளிது.

ஊசிமுனை:
இன்று காலை ஒரு வேலை செய்தேன். 14 பாடல்களையும் ஆண்டு வரிசையில் அடுக்கிக் கேட்டேன். ‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’ தட்டிலிருந்து ஒரே பாட்டு. 1980இன் ‘சேவ்ட்’, 1985இன் ‘எம்பயர் பர்லெஸ்க்’ இரண்டிலிருந்தும் எதுவுமே இல்லை. ஆனால் 1989இல் இசைத் தயாரிப்பாளர் டேனியல் லன்வாவோடு ‘ஓ மெர்சி’ தட்டுக்காகப் பதிவானவற்றிலிருந்து மூன்று: ‘ரிங் தெம் பெல்ஸ்’, ‘சீரிஸ் ஆஃப் ட்ரீம்ஸ்’, ‘டிக்னிட்டி’. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, கலைத்த வரிசையில் காதில் விழாத ஒன்று விழுந்தது. வயதான குரலைச் சரிசெய்யப் பார்க்காமல், அதன் கரகரப்பையே பாட்டின் உடலாக்கியிருக்கிறார்கள். 1997இல் அதே லன்வாவோடு ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ தட்டைச் செய்தபோது அந்தக் குரல் முழுதாக வெளிப்பட்டது.

இரவுக்காவலன்:
1997 தெரிந்த பிறகு 1994இல் அதைக் கண்டுபிடிப்பது ஜோசியம் பலித்துவிட்டது என்று பின்னால் சொல்வதைப் போல. தொகுத்தவர்கள் அதை நினைத்தா செய்திருப்பார்கள்?

ஊசிமுனை:
நினைத்திருக்க வேண்டியதில்லை. மூன்றும் இருக்கின்றன, காதில் விழுகின்றன. பெயர் மட்டும் இன்னும் தப்புதான்.

தாமரைக்குளம்:
பெயரை விட்டுத்தருகிறேன். உங்கள் ஆண்டு வரிசைப் பட்டியலை இங்கே போடுங்கள். ‘அண்டர் தி ரெட் ஸ்கை’தானே கடைசியில் வருகிறது? அதைக் குழந்தைப்பாட்டு என்று இங்கே முன்பொருமுறை ஒருவர் கேலி செய்ததற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

சங்கு:
நான்தான். சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.