17 அடிப் படகு: ஃபைபரா, அலுமினியமா?

பொங்கோல்வாசி:
படகு ஓட்டும் உரிமம் போன மாதம்தான் கைக்கு வந்தது. இரண்டு பழைய படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 17 அடி, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று ஃபைபர், அடிப்பக்கம் ஆழமான வி வடிவம், 90 குதிரைத்திறன். மற்றது அலுமினியம், அடி கொஞ்சம் தட்டை, 60 குதிரைத்திறன். சிங்கப்பூரின் வடகிழக்கே, பொங்கோலில் தண்ணீரிலேயே கட்டி வைப்பேன். ஞாயிறுதோறும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்திலுள்ள உபின் தீவுப் பக்கம் தூண்டில். எப்போதாவது தெற்கே புலாவ் ஹந்து தீவு வரை போக ஆசை. எதை எடுக்கலாம்?

கொடுவாப்பிரியன்:
ஃபைபர்தான். அலுமினியத்தில் அலை அடித்தால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நல்லவேளை, காருக்கு எடுக்கவேண்டிய உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) படகுக்கு இல்லை!

சாங்கிக் கிழவன்:
தம்பி, முதலில் ஹந்துவை மறந்துவிடுங்கள். மேற்கே உட்லண்ட்ஸ் கடற்பாலம் அடைத்து நிற்கிறது. சாங்கியைச் சுற்றி, கிழக்குக் கடற்கரை நெடுக, நங்கூரமிட்ட கப்பல்களைத் தாண்டித்தான் போகவேண்டும். வழியில் சுமத்ரா சூறைக்காற்று பிடித்தால் பிள்ளைகள் அப்புறம் படகிலேயே ஏறமாட்டார்கள்.

உபினுக்கு மட்டும் என்றால் தட்டை அடிதான் சுகம். ஆழமான வி ஓடும்போது அலையைக் கிழித்துப் போகும். நங்கூரம் போட்டு நின்றால்தான் அதன் குணம் தெரியும். மீனைப் பார்க்கப் பிள்ளைகள் இருவரும் ஒரே பக்கம் போனால் படகும் கூடவே சாயும்.

ஆனால் தண்ணீரிலேயே கட்டுவேன் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. என் முதல் படகு அலுமினியம். கடலில் கிடக்கும் படகில் ஒட்டி வளரும் கொட்டலசு என்ற சிற்றுயிர் பிடிக்காமலிருக்க ஒரு பட்டறையில் அடியில் பெயிண்ட் அடித்தார்கள், செம்பு கலந்தது. உப்புத் தண்ணீரில் செம்பு பக்கத்தில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். எட்டு மாதம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. ஒரு குழியில் தூண்டில் முள்ளை வைத்தேன், நுனி உள்ளே இறங்கியது.

கரையில் ஏற்றி வைக்க இடம் கிடைத்தால் அலுமினியம். இல்லையென்றால் ஃபைபர், அதுவும் என்ஜின் தொங்கும் பின்பலகையைச் சோதித்த பிறகு. பழைய படகுகளில் அதற்குள் ஒட்டுப்பலகை இருக்கும். ஒரு நாணயத்தால் தட்டுங்கள். 'டக் டக்' என்றால் சரி. 'பொத் பொத்' என்றால் ஊறிவிட்டது. என்ஜினைப் பாதி தூக்கி, கீழ்முனையைப் பிடித்து ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து அசைந்தால் நடையைக் கட்டுங்கள்.

பொங்கோல்வாசி:
நேற்றுப் போய்த் தட்டினேன் அண்ணே. இடப்பக்கம் 'டக்', வலப்பக்கம் 'பொத்'. விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டாயிரம் வெள்ளி குறைக்கிறேன் என்றார்.

சாங்கிக் கிழவன்:
கேட்காமலே குறைக்கிறாரா? வேண்டாம். கரையில் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், நானும் கேட்டுப் பார்க்கிறேன்.