ஸ்கூல் முடிச்சாச்சு, இன்னும் எல்லாத்துக்கும் அம்மா தான். ஹாஸ்டல் போனா சரியாயிடுமா?

தூக்கக்கலக்கம்:
ஸ்கூல் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, காலேஜ் தொறக்க இன்னும் டைம் இருக்கு. போன வாரம் காதுவலின்னு டாக்டர்கிட்ட போனேன், அம்மாவும் கூட வந்தாங்க. டாக்டர் என்னைப் பாத்து தான் "எத்தனை நாளா வலிக்குது"ன்னு கேட்டாரு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அம்மா "மூணு நாளா"ன்னுட்டாங்க. எந்தக் காது? "இடது"ன்னு அதுக்கும் அம்மாவே. வலிக்கிறது என் காதுங்க! சரி அடுத்த கேள்விக்காவது நாம முந்திக்கணும்னு உக்காந்திருந்தா, "ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா"ன்னு கேட்டாரு, எனக்கு நிஜமாவே தெரியல, நானே திரும்பி அம்மா மூஞ்சியப் பாத்தேன். அங்க தான் ரொம்ப வெக்கமா போச்சு.

யோசிச்சுப் பாத்தா எல்லாமே இப்படித்தான் இருக்கு. காலைல எழுப்பி விடறது அம்மா, ஃபாரத்துக்குக் கடைசி தேதி என்னன்னு சொல்றது அப்பா, என் மெயில் பாஸ்வேர்டு கூட அப்பா டைரில தான் எழுதியிருக்கு. ஹாஸ்டல்ல சேரவா இல்ல வீட்லேர்ந்தே போய்ட்டு வரவான்னு இந்த மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும். வெளிய போய் தங்கினா எல்லாம் தானா வந்துடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க, அப்படி வருமா?

பழைய பேனா:
தம்பியா தங்கச்சியா தெரியல, ஆனா தானா எல்லாம் வராது. நான் ஹாஸ்டல் போன ஆளு தான், முதல் ஆறு மாசம் தினமும் ஆறரை மணிக்கு அம்மா போன் பண்ணி எழுப்புவாங்க, இடம் தான் மாறிச்சே தவிர எழுப்பற ஆளு அதே ஆளு. ஒரு தடவை பக்கெட்ல துணிய ஊறப் போட்டுட்டு அப்படியே மறந்துட்டேன், ரெண்டு நாள் கழிச்சு ரூம்மேட் மூக்கப் பொத்திக்கிட்டு வந்து பக்கெட்டக் காட்டினான். மேல ஒரு வழவழப்பு வேற, கைய உள்ள விடவே கூசுச்சு. துவைக்க எனக்கு நல்லாவே தெரியும்ங்க, வீட்லயே துவைச்சிருக்கேன். ஊறப் போட்டிருக்கோம்ங்கறத ஒரு ஆளு மண்டைக்குள்ள வெச்சுக்கிட்டே இருக்கணும் பாருங்க, வேலையே அது தான். அந்த வேலைய வீட்ல அம்மா பண்ணிட்டிருந்தது நம்ம கண்ணுக்கே தெரியாது.

அதனால எங்க தங்கினாலும் சரி, ஞாபகம் வெச்சுக்கற வேலைய ஒண்ணொண்ணா வாங்கிக்கோங்க. முதல்ல டாக்டர் விஷயமே எடுத்துக்கலாம், ஒரு நாள் அம்மாவ உக்கார வெச்சு பிளட் குரூப் என்ன, எந்த மருந்து ஒத்துக்காது, என்னென்ன தடுப்பூசி போட்டாச்சு, சின்ன வயசுல ஏதாவது பெருசா உடம்புக்கு வந்துச்சான்னு கேட்டு போன்ல எழுதி வைங்க, அரை மணி நேர வேலை. அப்புறம் அந்த மெயில் பாஸ்வேர்ட இன்னிக்கே மாத்திடுங்க.

ஓரமா நிக்கறவன்:
மாத்திட்டு மறந்துடாதீங்க ப்ரோ. நான் வீரமா மாத்தினேன், ஒரே வாரத்துல மறந்துட்டேன், அட்மிஷன் மெயில் உள்ள மாட்டிக்கிச்சு, ரெக்கவரி நம்பர் அப்பாவோடது. ஓடிபி சொல்லுங்கப்பான்னு அவர்கிட்டயே போய் நின்னேன் 😂 நம்பரையும் சேத்து மாத்துங்க

அரைகுறை சைக்காலஜி:
எழுந்திரிக்கறது பத்தி மட்டும் சொல்றேன், அதை முழுக்க சோம்பேறித்தனம்னு எடுத்துக்காதீங்க. டீனேஜ்ல மெலடோனின், அதாவது தூக்கத்துக்கு உடம்பைத் தயார் பண்ற ஹார்மோன், சுரக்க ஆரம்பிக்கறதே ராத்திரி கொஞ்சம் லேட்டாத்தான், அதனால தூக்கம் வர்றதும் லேட்டு எழுந்திரிக்கறதும் லேட்டு. அதுக்காக மத்தியானம் வரைக்கும் தூங்கலாம்னு சொல்ல வரல! அலாரத்த கட்டில்லேர்ந்து எட்டாத தூரத்துல வெச்சு, அம்மாகிட்ட எழுப்ப வேணாம்னு சொல்லிடுங்க. 21 நாள் பண்ணினா பழகிடும்னு எல்லாரும் அடிச்சு விடுவாங்க, நம்பாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 2010ல பேப்பரா வந்துச்சு, ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஆக நடுவாந்தரமா 66 நாள்னு கணக்கு, ஆளப் பொறுத்து 18லேர்ந்து 254 வரைக்கும் போகுது. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா ஒண்ணும் குடி முழுகிடாதுன்னும் அதுல வருது, எனக்கு அது தான் பெரிய ஆறுதலா இருந்துச்சு.

ரெண்டு பிள்ளைக்கு அம்மா:
டாக்டர் ரூம்ல முந்திரிக்கொட்டையாட்டம் பதில் சொல்ற அம்மா நான் தான் கண்ணா, உங்க அம்மா மேல கோவப்படாதீங்க. பதினேழு வருஷமா அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகின வாய், கேட்டதும் அதுவா தொறந்துக்கும்.

என் பொண்ணு "என்னை நம்பவே மாட்டேங்கறீங்க"ன்னு சண்டையெல்லாம் போடல. ஒரு நாள் வந்து "இனிமே கரண்ட் பில் என் பொறுப்பு, ஞாபகப்படுத்தவே கூடாது"ன்னா. முதல் தடவையே தேதி தாண்டிடுச்சு. எனக்கு மூணு நாள் முன்னாடியே தெரியும், சொல்லவும் முடியல மெல்லவும் முடியல, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், அவளப் பெத்தப்ப கூட அவ்ளோ கஷ்டப்படல. அபராதத்த அவ காசுலயே கட்டினா, மூஞ்சி இவ்ளோ பெருசா இருந்துச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் அந்த பில்லப் பத்தி நினைச்சதே இல்ல. அதனால நீங்களும் ஏதாவது ஒண்ண முழுசா கேட்டு வாங்குங்க, பாதி நீ பாதி நான்னு வெச்சா கடைசில அது எங்க தலையில தான் வந்து விடியும். ஹாஸ்டலா வீடாங்கறத காசையும் தூரத்தையும் பாத்து முடிவு பண்ணுங்க, இதுக்காகன்னு போகாதீங்க.

தூக்கக்கலக்கம்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். ஹாஸ்டல் இன்னும் முடிவாகல, அப்பாகூட உக்காந்து கணக்கு போட்டுட்டிருக்கோம். லிஸ்ட் எழுதியாச்சு, ஒத்துக்காத மருந்து ஒண்ணு நிஜமாவே இருக்குதாம், நாலு வயசுல உடம்பெல்லாம் தடிச்சிடுச்சாம், இத்தனை வருஷமா எனக்கே தெரியாது.

நேத்து காதக் காட்ட மறுபடியும் போனேன், தனியா. அம்மா வாசல் வரைக்கும் வந்து செருப்பு மாட்டப் பாத்தாங்க, அப்புறம் அவங்களே உள்ள போய்ட்டாங்க. திரும்பி வந்ததும் "டாக்டர் என்ன சொன்னாரு"ன்னு அவங்க என்கிட்ட கேக்கறாங்க, ஒரு மாதிரி கெத்தா இருந்துச்சு. சொட்டு மருந்து எத்தனை நாள் விடணும்னு கேட்டாங்க பாருங்க, அங்க மாட்டினேன். இப்ப கிளினிக் நம்பர் எங்கேஜ்டாவே இருக்கு, ட்ரை பண்ணிட்டிருக்கேன்.