தூத்துக்குடியில் எந்த நேரத்துக்கு எங்கே நிற்கலாம்?

கோவைக்காரர்

தூத்துக்குடிக்குப் போகிறேன், என்ன பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: பனிமய மாதா கோயில், முயல் தீவு, மக்ரூன், அப்புறம் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறிவிடு. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அது ஒரு துறைமுக ஊர். வேலை நடக்கிற நேரத்தில் போய் நின்றால்தான் அந்த ஊர் கண்ணுக்குப் படும். பகல் பதினொரு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் காலிக் கூடைகளும் காயப்போட்ட வலைகளும்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அந்த ஊரில் மறக்க முடியாதது பழைய துறைமுகம். பெரிய சரக்குக் கப்பல்கள் வருவது வ.உ.சி. துறைமுகத்துக்கு, அது 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, காவல் கெடுபிடியும் அதிகம், நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழைய முடியாது. பழைய துறைமுகம் வேறு உலகம். அங்கே நிற்பவை தோணிகள். மீனவர் ஓட்டுகிற சின்னப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தாலேயே கட்டிய சரக்குக் கலங்கள். பாய்மரமும் உண்டு, என்ஜினும் உண்டு. காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய் வருகின்றன.

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் முறைப்படி அனுமதி வாங்கி என்னை உள்ளே கூட்டிப் போனார். அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம், ஜூலை மாதம். கடல் கொந்தளிப்பாக இருக்கும் அந்த மாதங்களில் தோணிகள் ஓடாது. கரையோரம் கட்டிப்போட்டுப் பழுது பார்ப்பார்கள். ஒரு தோணியின் வயிற்றுப் பக்கம் வயதான ஒருவர் குந்தி உட்கார்ந்து, இரண்டு பலகைகள் சேரும் இடுக்கில் பஞ்சுத் திரியை உளிபோன்ற ஒரு கருவியால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் அந்த வேலையைக் கலப்பத்து என்கிறார்கள். தட்டு, தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு விரலால் தடவிப் பார்ப்பது. மறுபடி தட்டு. விரல் நுனியில் எங்காவது திரி நெகிழ்ந்திருப்பது பட்டால் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். ஒரு கை நீளம்கூட முடிந்திருக்காது.

"அண்ணாச்சி, இது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டேன். தலை தூக்காமலே, "மரம் தண்ணி குடிச்சு ஊதுச்சுன்னா அதுவே இறுக்கிக்கிடும் தம்பி. காய வச்சீங்கன்னாதான் கேடு" என்றார். கரையில் கிடக்கும் தோணிக்குத்தான் கண்காணிப்பு அதிகம் தேவை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். அன்று ஒரு தண்டலிடமும் பேச வாய்த்தது. மாலத்தீவின் மாலே துறையில் காத்திருப்பது, நடுக்கடலில் காற்று திசை மாறுவது, கைபேசிச் சிக்னல் விட்டுப்போகும் இடம் என்று சொல்லிக்கொண்டே போனார். இரும்புக் கப்பலுக்குப் போய்விட்ட தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

அனுமதி கிடைக்காதவர்கள் கடற்கரைச் சாலையில் நடந்தாலே பாய்மரங்கள் தெரியும். அதே சாலையில்தான் டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய திரித்துவ ஆலயமும் இருக்கிறது. சின்னக் கட்டடம், நின்று பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சரி, இப்போது உப்பளம். தோணியைக் கட்டிப்போடுகிற அந்தக் காற்றுதான் உப்புக்கு உயிர். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் வறண்டு வருகிறது; பாத்தித் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். தூத்துக்குடிக்கு மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே தை, மாசியில் தொடங்குகிற உப்புச் சீசன் ஐப்பசி மழைவரை ஓடும். இங்கே பெரும்பாலும் நிலத்தடி உவர்நீரைக் குழாய்க் கிணற்றிலிருந்து இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்ட வைக்கிறார்கள். உவர்நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரிக்கு ஏறினால்தான் உப்பு இறங்கும். விடிகிற நேரத்தில் போனால் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மிதப்பது தெரியும். விரலால் தொட்டால் உடைந்து கீழே போகும். அதுதான் உப்பு பூக்கிறது என்பது.

வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்க முடியாது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். நாம் பத்து நிமிடத்தில் குடை தேடுகிறோம். அங்கே உப்பை வாரிச் சேர்க்க வாருபலகை இழுப்பவர்கள் இருட்டிலேயே வேலையைத் தொடங்கி, காலெல்லாம் உப்பில் ஊறி நிற்கிறார்கள். நான் பேசிய அம்மா ஒருவர் மழைக்காலத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அந்த மாதங்களில் பாத்தியில் வேலை கிடையாது. அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் வந்தால் கடைக்காரர் பாக்கிக்குப் போய்விடும் என்றார். உப்பளத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து வரப்பில் மட்டும் நடங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். முகத்தைத் துணியால் மூடி வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.


திரேஸ்புரத்து மருமகள்

அண்ணா, நீங்கள் மீன் ஏலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. நான் சேர்க்கிறேன்.

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் மீன் ஏலம் என்றால் விடியற்காலை என்று நினைத்து அலாரம் வைத்து எழுந்து வருவார்கள். மற்ற ஊர்களில் அப்படி இருக்கலாம். தூத்துக்குடி விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது விதி. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டமே ராத்திரிதான். விளக்கு வெளிச்சத்தில் கணவாய் ஒரு பக்கம், பாறை மீன் ஒரு பக்கம், விளமீன், ஊளி என்று கொட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏலம் விடுகிறவர் சொல்லும் தொகை புதிதாகக் கேட்பவர் காதில் நிற்கவே நிற்காது. வாங்குகிறவர்கள் பேச மாட்டார்கள். தலையை அசைப்பார்கள், அவ்வளவுதான். தரை முழுக்க மீன் தண்ணீர், செருப்பு வழுக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஐஸ் பெட்டி தள்ளுகிறவருக்கு வழி விடுங்கள். அவருக்கு நின்று பேச நேரம் கிடையாது.

தூத்துக்குடியிலேயே மீனவர் பகுதியான எங்கள் திரேஸ்புரம் வேறு மாதிரி. இங்கே நாட்டுப்படகுகள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை படகுகள் கூட்டமாகக் கரைக்கு வரும், ஏலக்கூடத்தில் நல்ல மீன் வந்து குவியும். விலையும் அன்றைக்குக் கூடத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வருகிறவர்கள் மீன்பிடித் துறைமுகத்தை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள்.

கடலுக்குள் மூழ்கிச் சங்கு எடுக்கும் சங்குகுளிப்பவர்களையும் இங்கேதான் பார்க்கலாம். என் மாமனாரும் சின்ன வயதில் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு இந்தக் கடலில் நடக்கவில்லை. முத்துநகர் என்கிற பெயர் மட்டும் ஓடுகிறது. சங்கு இன்றைக்கும் உண்டு. எடுக்கிற சங்கில் பெரும்பங்கு வங்காளத்துக்குப் போகிறது, அங்கே கல்யாணமான பெண்கள் போடும் சங்கு வளையலுக்காக. மாமாவிடம் கடலடியைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டுதான் பதில் சொல்வார். மணல் எங்கே, பாறை எங்கே, எந்த இடத்தில் நீரோட்டம் இழுக்கும் என்று தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சொல்வார். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. ஆழத்தில் இறங்கி இறங்கி வந்தது அது. சங்கு குளிக்கிறவர்களைப் பார்க்க வருகிறவர்கள், "வலம்புரி இருக்கா, எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். இன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் பேச்சு நிற்காது.

இன்னொன்று. வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லித் தீவுகளுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, இறங்க அனுமதி இல்லை. இந்தப் பூங்காவின் 21 தீவுகளில் விளாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கனவே தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.


மதுரை ரயில்வே ஓய்வு

அண்ணாச்சியும் தங்கச்சியும் கடலைச் சொல்லிவிட்டீர்கள். நான் ஸ்டேஷனிலிருந்து தொடங்குகிறேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் இறங்குகிறவர்கள் அந்த ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கும் வரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு ரயில் பாதை இங்கேதான் முடிந்தது. போட் மெயில் என்ற ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து நீராவிக் கப்பல். பாலம் வந்ததும் அந்தக் கூட்டம் அப்படியே தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. 2011இல் கொழும்புக்கு மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். சில மாதங்களில் நின்றுபோனது.

அந்தக் கொழும்புத் தடத்தில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி கலைந்தது. கடைசியில் 1936இல் இதே ஊரில்தான் உயிர் விட்டார். நான் பழைய துறைமுகம் பக்கம் போகும்போதெல்லாம் கடலைப் பார்த்து அவரை நினைத்துக்கொள்வேன். இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. பேரப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதைச் சொல்லிக் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த பெயர் அந்த இடத்தில் வேறு மாதிரி கேட்கும்.

நேரம் இருந்தால் கொற்கைக்கும் போங்கள். பாண்டியர்களின் துறைமுகம். இன்றைக்கு அங்கே கடல் இல்லை, வயலும் ஒரு பழைய வன்னி மரமும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. அதற்குப் பின் வந்த காயல் துறைமுகமும் அதே வழியில் போனது. துறைமுகம் இடம் மாறி மாறித்தான் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது என்று அந்த வயலில் நின்றால் தெளிவாகத் தெரியும்.


திரேஸ்புரத்து மருமகள்

ஐயா சொன்னதோடு ஒரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேற்றத்தில் தொடங்கி ஆகஸ்ட் 5 வரை. மாதா சிலை 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயில் 1713இல் கட்டியது. எல்லா மதத்தாரும் வருவார்கள். தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடாது, ஓடுகிற ஆண்டில் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

ராத்திரி ஏலம் பார்த்துவிட்டு பரோட்டாக் கடைக்குப் போகலாம். அந்தக் கடைகளை இங்கே நைட் கிளப் என்பார்கள், பயப்பட வேண்டாம். மக்ரூனை மட்டும் ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் வாங்குங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் அதில். கடல் காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். கடையிலேயே மூடி இறுக்கமான டப்பாவில் போடச் சொல்லுங்கள்.